லீவர் திருகி: கேளுங்கள், சொல்கிறேன்

டர்பனில் ஒரு ஹோட்டல் பாரில் பல வருடம் ஒயின் பாட்டில் திறந்த கை என்னுடையது. பாட்டில் தக்கையைப் பிடுங்கும் லீவர் திருகி பற்றி வந்த கேள்விகளைத் தள்ளிவிடாமல் எழுதுகிறேன்.

சாட்ஸ்வொர்த் அக்கா: மகன் லீவர் திருகி ஒன்று வாங்கித் தந்தான், முயல் காது போல இரண்டு பிடி. எப்படித் தள்ளுவது, எப்படி இழுப்பது என்றே புரியவில்லை.

பாட்டிலை மேசையில் வையுங்கள் அக்கா, மடியில் வேண்டாம். பாட்டில் வாயை மூடிய தகட்டை வாய் விளிம்புக்குக் கீழே வெட்டி எடுங்கள். திருகு மேலே ஏறியிருக்கும்படி லீவரை வைத்து, பிடிகளால் கழுத்தைக் கவ்வி இறுக்குங்கள். லீவரை மறுபக்கம் சாய்த்தால் திருகு தானே சுழன்று இறங்கும். திரும்பக் கொண்டு வந்தால் சுழலாமல், தக்கையோடு நேராக ஏறும். திருகு ஒரு நட்டு வழியாகப் போகிறது. இறங்கும்போது அந்த நட்டு அசையாது, அதனால் திருகு சுழன்றே ஆக வேண்டும். ஏறும்போது நட்டும் கூடவே ஏறிவிடும். ஸ்க்ரூபுல் என்ற பெயரில் வந்த இந்த வகையை உருவாக்கிய ஹெர்பர்ட் ஆலன், ஹூஸ்டனில் எண்ணெய்க் கிணற்றுக் கருவிகள் செய்த பொறியாளர். பார்த்தாலே தெரியும்!

ஃபீனிக்ஸ் தம்பி: தக்கை திருகிலேயே மாட்டிக்கொண்டது. கையால் பிடுங்கப் போய் விரலைக் கிழித்துக்கொண்டேன்.

கை எதற்குத் தம்பி? பிடிகளால் தக்கையையே கவ்விக்கொண்டு, லீவரை அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை. கழன்றுவிடும்.

டோங்காட் அண்ணன்: அப்பா இருபது வருடம் வைத்திருந்த ஸ்டெல்லன்பாஷ் ஊர் ஒயின் பாட்டில். தக்கை பொடிப்பொடியாக உள்ளே விழுந்துவிட்டது.

பாட்டிலை நிற்க வைத்திருந்தாரா? அப்படி வைத்தால் ஒயின் தொடாமல் தக்கை காய்ந்துவிடும். படுக்க வைக்க வேண்டும். டர்பன் கோடை வேறு, சமையலறை அலமாரியில் ஒயின் பாதி வெந்தே போகும். பழைய தக்கைக்கு லீவர் ஆகாது; அதன் வேகமும் பலமும் தக்கையை நொறுக்கிவிடும். நானும் ஒரு திருமண நாள் விருந்தில், விருந்தாளிகள் கண் முன்னாலேயே இதைச் செய்து அசடு வழிந்திருக்கிறேன். இதற்கென்றே இரண்டு மெல்லிய தகடு உள்ள கருவி இருக்கிறது. தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே தகடுகளை ஆட்டி ஆட்டி இறக்கி, திருகியபடியே மெல்ல இழுக்க வேண்டும். விழுந்த பொடிக்கு? டீ வடிகட்டி போதும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தங்கை: கேப் கிளாசிக், அதுதான் நம் ஊர் நுரை ஒயின், அந்தப் பாட்டிலை லீவர் திருகியில் திறக்கலாமா?

கூடவே கூடாது. உள்ளே ஐந்தாறு வளிமண்டல அழுத்தம். துணியால் தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பம்மா. முகத்துக்கு நேராக வைக்காதே.

டோங்காட் அண்ணன், மறுபடியும்: இப்போது நிறைய பாட்டில் திருகு மூடியில்தானே வருகிறது? இது எதற்கு?

சரியான கேள்வி. மாதம் ஒன்றிரண்டு தக்கை பாட்டில் என்றால், சட்டைப்பையில் போடும் மடக்குத் திருகியே போதும். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும், பிரை (நெருப்பில் இறைச்சி வாட்டும் விருந்து) போட்டு ஒரே மாலையில் பத்துப் பாட்டில் திறப்பவர்களுக்கும் லீவர் வாங்கலாம். அண்ணன் எந்தக் கணக்கு?