எட்டு மாடி வரைக்கும்தான் அனுமதி

கேள்வி: லினக்ஸ்ல ஓடுற சுவிட்ச் ஒண்ணு வெச்சிருக்கேன். ரெண்டு போர்ட்டை சேர்த்து ஒரு பாண்டு, அந்த பாண்டை தூக்கி பிரிட்ஜுக்குள்ள, பிரிட்ஜ் மேல ஒரு விலான்னு அடுக்கு அடுக்கா போட்டா டிரைவர் இதை எப்படி சமாளிக்குது? சில நேரம் ஏத்துக்குது, சில நேரம் மூஞ்சில அடிச்ச மாதிரி முடியாதுங்குது. ஏன்?
— ஒரு நெட்வொர்க் அட்மின், கோவை

பதில்: "அடுக்கு அடுக்கா"ன்னு எழுதினீங்க பாருங்க, அங்கயே நான் நின்னுட்டேன், சுவிட்ச் எல்லாம் அப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு. அடுக்குத்தொடருக்கும் இரட்டைக்கிளவிக்கும் என்ன வித்தியாசம்னு எட்டாவதுல தமிழய்யா கேட்டு, நான் முழிச்சு, பெஞ்சு மேல ஏறி நின்னவன். அடுக்குத்தொடரை பிரிச்சாலும் பொருள் இருக்கும், இரட்டைக்கிளவியை பிரிச்சா இருக்காது, அவ்ளோதான். "வா வா"ல ஒரு வா-வை எடுத்தாலும் ஆள் வந்துடுவான். "சலசல"ல ஒரு சல-வை எடுத்தா அது சலவைக்குத்தான் போகும்.

சிரிக்காதீங்க, உங்க கேள்விக்கு பாதி பதில் இதுலயே இருக்கு. (புதுசா படிக்கிறவங்களுக்கு: பாண்டு, பல போர்ட்டை ஒரே போர்ட் மாதிரி கட்டுறது. பிரிட்ஜ், போர்ட்டுகளை ஒரே நெட்வொர்க்கா சேர்க்கிறது. விலான், ஒரே கம்பியில தனித்தனி நெட்வொர்க் ஓட்டுறது. டிரைவர், லினக்ஸுக்கும் சிப்புக்கும் நடுவுல நிக்கிற மென்பொருள்.) பாண்டு அடுக்குத்தொடர் ரகம், ரெண்டு போர்ட்ல ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு வண்டியை ஓட்டிடும். விலான் இரட்டைக்கிளவி ரகம், அதுக்கு கீழ இருக்கிற போர்ட் படுத்துதுன்னா ஐபி லிங்க்னு கமாண்ட் போட்டுப் பாருங்க, "லோயர்லேயர்டவுன்"னு ஒத்தை வார்த்தையில ஒப்பாரி வெச்சுட்டு நிக்கும். கேபிளே சொருகலைன்னா "நோ கேரியர்". எங்க ஹாஸ்டல்ல ஞாயித்துக்கிழமை மெஸ் லீவு, வீட்லேர்ந்து அஞ்சடுக்கு கேரியர் வரும், வரலைன்னா நாங்களும் இதே வார்த்தையைத்தான் சொல்லுவோம். அடியில சோறு, அதுக்கு மேல சாம்பார், ரசம், பொரியல், உச்சியில அப்பளம். ஒரு தடவை அடி டப்பா கொக்கியிலேர்ந்து நழுவி, மேல இருந்த நாலும் மாடிப்படியில உருண்டுச்சு, அப்பளம் மட்டும் தப்பிச்சுது. லோயர்லேயர்டவுன்னு கேட்டாலே எனக்கு அந்த ரச வாசனைதான் வருது.

இன்னொண்ணு. அடுக்குறதுக்கு ஒரு எல்லை இருக்கு. ஒரு சொல்லை எத்தனை தடவை அடுக்கலாம்னு நன்னூல் கணக்கு போட்டு, நாலோட நிறுத்துங்குது. (அரசியல் மேடையில மைக்கை பிடிச்சா நாப்பது தடவை அடுக்குறவங்களுக்கு அதை யாராவது வாசிச்சுக் காட்டுங்கப்பா. போன வருஷம் இதை எழுதினதுக்கு பதினோரு கடுதாசி வந்துச்சு, பதினொண்ணும் அடுக்குமொழியில.) லினக்ஸோட மையத்துல இருக்கிற கெர்னல் நன்னூலை விட தாராளம், எட்டு வரைக்கும் விடும். அந்த எல்லையும் 2019-லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி விலான் மேல விலான் மேல விலான்னு எவ்ளோ வேணா போடலாம், ஆனா கெர்னல் அந்த அடுக்குல தன்னையே தான் கூப்பிட்டுக்கிட்டு இறங்கும், ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் ஸ்டாக் மெமரியை தின்னும், 64 பிட் இன்டெல்ல அதுக்கு இருக்கிறதே மொத்தம் 16 கேபி, அது தீர்ந்துச்சுன்னா மெஷினே குப்புற விழும். அடுக்கு ஏறி ஏறி அடுக்கு ஒடையுறது! 5.4 வெர்ஷன்ல எட்டுக்கு மேல கிடையாதுன்னு பூட்டு போட்டு, அந்த இறங்குற வேலையையும் சாதா லூப்பா மாத்துனாங்க. எங்க தெருவுல நாலு மாடிக்கு பிளான் வாங்கி ஆறு மாடி கட்டினவருக்கு இப்படி ஒரு கெர்னல் இல்லாம போச்சு.

சரி, டிரைவர். உங்க சுவிட்ச்ல உள்ள சிப்புக்கு பாண்டும் தெரியாது பிரிட்ஜும் தெரியாது, போர்ட் நம்பரும் அதோட டேபிள்களும்தான் தெரியும். மென்பொருள்ல நீங்க கட்டுன கோபுரத்தை அந்த டேபிள்ல எழுதி வெச்சாத்தான் பாக்கெட் சிபியு பக்கமே எட்டிப் பார்க்காம போர்ட்டுக்கு போர்ட் தாவும். இதுக்காக கெர்னலுக்குள்ள இருக்கிற ஏற்பாடான சுவிட்ச்டெவ் 2015 பிப்ரவரியில 3.19 கெர்னலோட வந்துச்சு, யிர்ஷி பீர்கோவும் ஸ்காட் ஃபெல்ட்மனும் கொண்டாந்தது. அதுல முதல் டிரைவர் ராக்கர், அந்த சுவிட்ச் நிஜத்துல எங்கயும் கிடையாது, க்யூஎம்யூங்கிற போலி கம்ப்யூட்டர் மென்பொருளுக்குள்ள மட்டும் இருக்கிற கற்பனை சுவிட்ச். பொண்ணே பார்க்காம பத்திரிகை அடிச்ச கதை.

சிக்கல் எங்கன்னா, நீங்க பாண்டை பிரிட்ஜ்ல சேர்க்கும்போது கெர்னல் போடுற சத்தம் "பாண்டு பிரிட்ஜ்ல சேரப்போகுது"ங்கிறதுதான், அதுல டிரைவரோட போர்ட் பேரே இருக்காது. பத்திரிகை தாத்தா பேருக்கு வரும், மொய் வைக்க வேண்டியது பேரன். அதனால டிரைவர் பாண்டுக்கு அடியில இறங்கி, இதுல நம்ம பசங்க யாராவது இருக்காங்களான்னு பார்த்து, இருந்தா அவங்க பேர்ல சிப்ல எழுதணும். முதல்ல இந்த இறங்குற வேலையை சுவிட்ச்டெவ்வே பண்ணுச்சு, 2019-ல 5.0 வந்தப்போ நாங்க சத்தம் மட்டும் போடுறோம், நீங்களே இறங்கிக்கோங்கன்னு டிரைவர் தலையில கட்டிட்டாங்க, பிடிச்சு இறங்க ஒரு கயிறும் குடுத்தாங்க.

(பாண்டுக்குள்ள சேர்ந்த போர்ட்டுக்கு கெர்னல்ல பேரு ஸ்லேவ். பாண்டு, ஸ்லேவ், ரெண்டையும் சேர்த்தா கொத்தடிமை. 1976-லயே சட்டம் போட்டு ஒழிச்சாச்சு. 2020-ல இனிமே புது கோட்ல அந்த சொல் வேணாம்னு கெர்னல்காரங்களும் எழுதி வெச்சாங்க, பழசு அப்படியே கெடக்கு.)

இப்போ அந்த "மூஞ்சில அடிச்ச மாதிரி". அதுக்குத்தான் நான் இவ்ளோ நேரம் காத்துட்டிருந்தேன். சேர்க்கிறதுக்கு முன்னாடியே கெர்னல் ஒரு தடவை கேட்கும், அப்போவே டிரைவர் வேணாம்னு சொல்லிடலாம். மெலனாக்ஸ் ஸ்பெக்ட்ரம்ங்கிற டேட்டா சென்டர் சுவிட்ச் சிப்புக்கான எம்எல்எக்ஸ்எஸ்டபிள்யூ டிரைவர் அந்த ரகம், தராசு மாதிரி கறார். பாண்டுல சேர்ந்த போர்ட் மேல நேரா விலான் போட்டா முடியாதுங்கும், விலானை பாண்டு மேல போடுங்க, ஏத்துக்கும். ஏற்கனவே பிரிட்ஜ்ல உக்காந்திருக்கிற பாண்டுக்குள்ள புதுசா போர்ட்டை நுழைச்சாலும் முடியாதுன்னுதான் 2023 வரைக்கும் சொல்லிட்டிருந்துச்சு, ஏன்னா அந்த பிரிட்ஜ்ல முன்னாடி நடந்த எதையும் புது போர்ட் கேட்கலை, பந்தி பாதியில வந்தவனுக்கு இலை போட்டது யாருன்னு தெரியாது. இப்போ பழைய சேதியை எல்லாம் மறுபடி ஓட்டிக் காட்டுறாங்க, சேர்த்துக்குது. உங்களுக்கு "சில நேரம்"னு படுறது முக்காவாசி இந்த வரிசைதான். போர்ட்டை பாண்டுல போடுங்க, அப்புறம் பாண்டை பிரிட்ஜ்ல, கடைசியா விலான், கீழேர்ந்து மேல கட்டுங்க.

வீட்டு ரவுட்டர்ல வர்ற சின்ன சுவிட்ச் சிப்புங்களுக்கான டிஎஸ்ஏங்கிற கெர்னல் ஏற்பாடு வேற குணம். 2021-லேர்ந்து சிப்பால பாண்டு முடியலைன்னா, "ஹார்டுவேர்ல ஆகாது"ன்னு ஒரு வரி சொல்லிட்டு, பாக்கெட்டை எல்லாம் சிபியுகிட்ட ஏத்தி மென்பொருள்லயே ஒப்பேத்திடும். வீட்டுக்கு அது தாங்கும். 32 போர்ட், ஒவ்வொண்ணும் 100 ஜிகாபிட்னு இருக்கிற டேட்டா சென்டர் பெட்டியில 3,200 ஜிகாபிட்டை ஒரு குட்டி சிபியு தலையில ஏத்தினா என்ன ஆகும்? அதுக்கு முடியாதுன்னு முன்னாடியே சொல்றது எவ்ளோ மரியாதை.

எனக்கு பதினஞ்சு வருஷமா ஒரு அச்சகக்காரரோட தகராறு. தீபாவளி மலருக்கு 64 பக்கம் கூட்டணும், நாளைக்கே வேணும், முடியுமான்னு கேட்டேன். "பண்ணிடலாம் சார்." அவர்கிட்ட அந்த பைண்டிங்குக்கு மெஷினே கிடையாது, நாலு பசங்களை உக்கார வெச்சு கையால தெச்சிருக்காரு. தீபாவளிக்கு மறுநாள் மலர் வந்துச்சு, 32-ம் பக்கத்துக்கு அப்புறம் 17. கேட்டா, "முடியாதுன்னு சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சார்." உங்க டிரைவர் முடியாதுன்னு சொன்னா கோவப்படாம அது பக்கத்துல வர்ற வரியை படிங்க, காரணம் அங்கயே எழுதியிருக்கும். 2017-க்கு முந்தி அதுவும் கிடையாது, வெறும் எர்ரர்னு மொட்டையா வரும், நீங்களா புரிஞ்சுக்கணும்.

அந்த மலர் என்கிட்ட இன்னும் நூத்தி சொச்சம் காப்பி இருக்கு. ஆபீஸ் பரண்ல, ஒண்ணு மேல ஒண்ணா. வேணும்னா வந்து எடுத்துக்கோங்க, மேலேர்ந்து எடுங்க.