அண்ணாச்சி, பாப்பா சிவிலே எடுக்கட்டும்

பொறியியல் கட்-ஆஃப் 176 வாங்கிய உங்கள் பிள்ளை கம்ப்யூட்டர் வேண்டாம், சிவில் எடுத்துத் தண்ணி, வடிகால் வேலைக்குத்தான் படிப்பேன் என்று நிற்கிறாளே என்று நேற்று வருத்தப்பட்டீர்கள். நான் அவள் பக்கம்தான் அண்ணாச்சி. காரணம் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழை ஒரு ஏக்கரில் விழுந்தால் 38 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அள்ளினால் 320 நடை. தூத்துக்குடித் தெருக்களில் மழை விட்டும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதைப் பார்த்த பிள்ளை அவள். அவ்வளவு மழைக்கு எந்த ஊரிலும் வடிகால் கட்ட முடியாது. வடிகால் நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் எந்த வழியில், எந்தக் குளத்துக்குப் போகவேண்டும் என்று முன்கூட்டியே குறித்து, அந்த வழியில் வீடு வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் பழகப்போகும் வேலை.

எங்கள் தெருவில் புதிதாக வடிகால் கட்டினார்கள். அடுத்த மழையில் தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பியது. என்னிடம் வழிகேட்டுப் படித்த பையன் ஒருவன் ஆட்டோ லெவல் என்கிற மட்டம் பார்க்கும் கருவியும், ஸ்டாஃப் என்கிற அளவுக்கோலும் கொண்டுவந்து லெவல் எடுத்தான். போய்ச் சேரும் ஓடையின் அடிமட்டம் எங்கள் வடிகாலின் அடிமட்டத்தைவிட 20 செ.மீ. மேலே இருந்தது. சிமென்ட், கம்பி எல்லாம் சரி. மட்டத்தைத்தான் யாரும் பார்க்கவில்லை. சிறு நகரங்களுக்கு இதைப் பார்க்கிற ஆள்தான் வேண்டியிருக்கிறது.

குடிநீருக்கும் இதே கணக்குதான். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசு வழிகாட்டி. லட்சம் பேர் இருந்தால் 1.35 கோடி லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும். இன்றைய ஜனத்தொகைக்கு மட்டும் குழாய் போட்டால் பத்து வருஷத்தில் ரோட்டை மறுபடி தோண்ட வேண்டும், அதனால் 30 வருஷத்துக்குக் கணக்குப் போடுவார்கள்.

முதல் சம்பளம் கம்ப்யூட்டர்காரர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்கமாட்டேன். வெயிலில் நிற்க வேண்டும், கழிவுநீர் நிலையத்துக்கும் போக வேண்டும். ஆனால் பெயர் தெரியாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சீட்டைவிட, நல்ல சர்வே லேபும் ஆசிரியர்களும் உள்ள கல்லூரியில் சிவில் எனக்கு மேலாகத் தெரிகிறது. இளநிலையிலேயே தண்ணீர் என்று குறுக்க வேண்டாம். பொதுவான சிவில் போதும். பிறகு மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதி நீர்வளமோ சுற்றுச்சூழல் பொறியியலோ படிக்கலாம், கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம் இருக்கிறது. அரசு வேலை என்றால் டிஎன்பிஎஸ்சி உதவிப் பொறியாளர் தேர்வு. தனியாரில், நகராட்சிகளுக்குத் திட்ட அறிக்கை தயாரிக்கும் கன்சல்டன்சிகள், நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கான மத்திய அரசுத் திட்டம் அம்ருத் 2.0 வந்தபின் அவர்களுக்குக் கைநிறைய வேலை.

இரண்டாம் வருஷத்திலிருந்தே குடிநீர்க் குழாய்க் கணக்குக்கு இபிஏநெட், மழைநீர் வடிகால் கணக்குக்கு ஸ்விம் (SWMM), வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ் என்று மூன்று மென்பொருள்களையும் பழகச் சொல்லுங்கள். மூன்றும் இலவசம், வீட்டில் உள்ள சாதாரண லேப்டாப்பே தாங்கும்.

கவுன்சலிங்கில் கல்லூரி, பாடப்பிரிவு குறிக்கும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால் ஒரு ஞாயிறு காலை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வாருங்கள். அந்தப் பையனை ஆட்டோ லெவலோடு வரச் சொல்கிறேன். ஸ்டாஃபை அவளே பிடித்து, அந்த 20 செ.மீ. எங்கே என்று கண்டுபிடிக்கட்டும்.