பஸ் ஏறியதும் சரியாகிவிடும் படபடப்பு

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 24. சொந்த ஊர் போடிநாயக்கனூர். தாத்தா காலத்திலிருந்து ஏலக்காய் வியாபாரம். பெரியப்பா, சித்தப்பா குடும்பங்களோடு எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கல்லூரிக்குக்கூட வீட்டிலிருந்தே போய் வந்தேன். ராத்திரி அப்பத்தா பக்கத்தில்தான் படுப்பேன். சிரிக்காதீர்கள், போன வருஷம் வரைக்கும் அப்படித்தான்.

இப்போது சென்னையில் வேலை. துரைப்பாக்கத்தில் பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறேன். வந்த கொஞ்ச நாளில், ஒரு ராத்திரி திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு முட்டி, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அறைத்தோழி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஈசிஜி நார்மல், கேஸ் டிரபிளாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அடிக்கடி வருகிறது. எப்போது வருமோ என்ற பயம் அதைவிட மோசம்.

அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று தோன்றும். உடனே போன் போடுவேன். எடுக்காவிட்டால் சித்திக்கு, அப்புறம் பெரியப்பா மகனுக்கு. எல்லோரும் நல்லா இருக்கோம் என்பார்கள். அரை மணி நேரம் நிம்மதி. வெள்ளிக்கிழமை கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே எல்லாம் சரியாகிவிடுகிறது. ஞாயிறு மதியம் துணிமணியை எடுத்து வைக்கும்போது வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும்.

கண் திருஷ்டி என்று, போகும்போதெல்லாம் அம்மா சுற்றிப்போடுகிறார். "பேசாம வேலையை விட்டுட்டு வந்துரு தாயி" என்கிறார் அப்பா. கூட வேலை பார்ப்பவர்கள் ஜாலியாக இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் இப்படி? இது மனநோயா? ஊருக்கே போய்விடலாமா?

- பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ராத்திரி நடந்ததைப் பேசிவிடலாம். நீங்கள் எழுதியிருப்பது பானிக் அட்டாக் போலத்தான் தெரிகிறது. ஆபத்து இல்லாத நேரத்தில் ஆபத்து என்று மூளை நினைத்துவிட, அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கிறது. வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரத்துப்போவது அதனால்தான். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும். இருந்தாலும் டாக்டரிடம் சொல்லித் தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும். சாயங்காலக் காபியையும் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். போடியில் போய் இறங்கியதும் சரியாகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்ததுமே என்று எழுதியிருக்கிறீர்கள். பஸ் இன்னும் கிளம்பவே இல்லை. அம்மா முகத்தை இன்னும் பார்க்கவில்லை. அதற்குள் நெஞ்சு அடங்கிவிட்டது என்றால், 'தப்பித்துவிட்டேன்' என்ற எண்ணம்தான் அடக்கியிருக்கிறது. சிக்கலும் அங்கேதான். தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் சீக்கிரமே ஓடச் சொல்லும். போனும் அப்படித்தான். சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற மாதிரி, கேட்கக் கேட்கச் சந்தேகம் வளரும்.

அதற்காக வீட்டுக்குப் பேசாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒட்டுறவான குடும்பத்தில் வளர்ந்ததையே குறையாகப் பார்க்கும் ஆலோசகர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காலையில் ஒரு தடவை, ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு தடவை பேசுங்கள். நடுவில் பயம் வந்தால் போனை எடுக்குமுன் 10 நிமிடம் பொறுங்கள். மூச்சை இழுக்கிற நேரத்தைவிட விடுகிற நேரம் அதிகமாக இருக்கட்டும். படபடப்பை அடக்கப் போராட வேண்டாம், அது பாட்டுக்கு வந்துவிட்டுப் போகட்டும். அடுத்த வாரம் 20 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பேசும்போதும் 'எல்லோரும் நல்லா இருக்கீங்களா' என்ற விசாரணை வேண்டாம். ஏலத்தில் காய் என்ன விலைக்குப் போச்சு, சித்தி யாரோடு கோபித்துக்கொண்டார் என்று கேளுங்கள். அம்மாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள். 'குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?' என்று அவர் ஆரம்பித்தால் உங்களுக்கு மறுபடி அடித்துக்கொள்ளும். பாவம், அவருக்கும் இந்தப் பிரிவு புதுசுதானே.

பயம் வந்த அன்றைக்கே ஊருக்குக் கிளம்பாதீர்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடுங்கள். இடைப்பட்ட சனி, ஞாயிறுதான் கஷ்டமாக இருக்கும். அறைத்தோழியோடு வெளியே போய்ச் சாப்பிட்டு வாருங்கள். ஆள் சத்தத்தில் தூங்கிப் பழகியவருக்கு அமைதியான அறை மிரட்டத்தான் செய்யும். சின்னதாக ரேடியோ ஓடட்டும்.

வேலையை விடுவது பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். பயம் அடங்கிய பிறகும் போடிதான் பிடிக்கிறது, வியாபாரத்தைப் பார்க்கலாம் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயத்தோடு போனால், அம்மா கடைக்குப் போய்வரக் கொஞ்சம் தாமதமானாலும் அங்கேயும் இதே படபடப்பு வரலாம்.

மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நெருக்கமானவர்களைப் பிரியும்போது அளவுக்கு மீறி வரும் பயத்தைப் பிரிவுப் பதற்றம் என்பார்கள். 18 வயதுக்கு முன் தொடங்கினால்தான் அந்தப் பெயர் என்பது பழைய விதி. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டு நூல் 2013-ல் அந்த விதியை எடுத்துவிட்டது. பெரியவர்களுக்கும் புதிதாக வரலாம். உங்களுக்கு இருப்பது அதுவா, பானிக் மட்டுமா என்பதை நேரில் பேசித்தான் சொல்ல முடியும். ஓரிரு மாதத்தில் குறையவில்லை, வேலைக்கே போக முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எழுதினால் பயப்பட வேண்டாம். பதற்றத்துக்குப் பொதுவாகத் தரும் மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். அடிமையாக்காது, ஆனால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பழக்கமாகிவிடும் ஆபத்து தூக்க மாத்திரைகளில்தான் அதிகம். யாரோ சொன்னார்கள் என்று அதை வாங்கிப் போடாதீர்கள். ராத்திரியில் தாங்க முடியவில்லை என்றாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ உடனே 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச சேவை அது. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.