படத்துக்குப் பணம் சேர்க்கும் தம்பிக்கு

தம்பி, ரொறன்ரோவுக்கு வந்து ஓராண்டு கூட ஆகாத நிலையில் கோடையில் திருமண வீடுகளுக்கு ஒளிப்பதிவு செய்வதாகவும், இரவில் காரில் உணவு விநியோகிப்பதாகவும், ஒரு முழுநீளப் படம் எடுக்கப் பணம் சேர்ப்பதற்கு இன்னும் எந்தெந்தத் தொழிலைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கமெரா வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உழைப்பதெல்லாம் வீட்டுச் செலவுக்கே போகும் காலத்தில் நிறுவனமாகப் பதிவது பற்றி யோசிக்கத் தேவையில்லை. வாடகை குறைந்த இடத்தை உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். வருமான வழிகளைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த நகரத்தில் நான் காலூன்றியது அந்த ஒரு விடயத்தைக் கவனித்ததால்தான்.

மண்டப அலங்காரம், ஒலி அமைப்பு, அழைப்பிதழ் வடிவமைப்பு என்று நீங்கள் யோசித்து வைத்திருக்கும் மூன்றையும் திருமண ஒளிப்பதிவோடு சேர்த்தால் பார்வைக்கு நான்கு வருமானங்கள். உண்மையில் அவை நான்கும் ஒன்றுதான். இங்கே நம்மவர்களின் திருமணங்களும் பூப்புனித நீராட்டு விழாக்களும் பெரும்பாலும் மே மாதத்துக்கும் ஒக்டோபருக்கும் இடையில் நடக்கின்றன, அதற்குள்ளும் ஆடி மாதம் மண்டபங்கள் வெறிச்சோடிவிடும். பனி விழத் தொடங்கியதும் ஒளிப்பதிவாளருக்கு வேலை இல்லையென்றால் அலங்காரக்காரருக்கும் இல்லை, ஒலிபெருக்கிக்காரருக்கும் இல்லை. ஒரே குளத்திலிருந்து நான்கு வாய்க்கால் வெட்டினால் குளம் வற்றும்போது நான்கும் சேர்ந்துதான் வற்றும். ஆகவே ஒரு புதிய வேலையைச் சேர்ப்பதற்கு முன் அது எந்த மாதத்தில், எந்தக் காரணத்தால், யாருடைய கை இறுகினால் நிற்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

நான் தொண்ணூறுகளில் அகதியாக வந்து, பகலில் ஒரு பொதி கட்டும் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்து, மாலையில் ஆங்கிலம் படித்து, பின்னர் உரைபெயர்ப்பாளராகச் சுயதொழிலுக்கு வந்தவள். விக்டோரியா தெரு 74ஆம் இலக்கக் கட்டடத்தில் இருந்த குடிவரவு, அகதிகள் சபையின் விசாரணைகள், நீதிமன்றங்கள், மருத்துவமனைகள், சட்டத்தரணிகளின் அலுவலகங்கள் என்று பல இடங்களிலிருந்தும் என்னை அழைத்தார்கள். அழைத்தவர்கள் பலரானாலும் என் வேலைக்கு ஊற்று ஒன்றுதான், அது ஊரில், இலங்கையில் நடந்த போர். 2009 ஒக்டோபரில் ஓஷன் லேடி கப்பலில் தமிழ் அகதிகள் 76 பேரும், 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேரும் பிரிட்டிஷ் கொலம்பியக் கரைக்கு வந்து சேர்ந்த நாட்களில் தமிழ் உரைபெயர்ப்பாளர்களுக்கு ஓய்வே இருக்கவில்லை. அந்த மக்களின் வாக்குமூலங்களைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வீடு திரும்பும்போது, என் உழைப்பு கூடுவது யாருடைய துயரத்தால் என்று நினைத்து நெஞ்சு கனக்கும். இப்படி வரும் வேலை நீடிக்காது, நீடிக்கவும் கூடாது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. ஆகவே விசாரணைகள் குறைவதற்கு முன்பே ஒன்ராறியோ மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் தகுதித் தேர்வுக்குப் படித்துச் சித்தியடைந்து, பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, காணி உறுதி முதலியவற்றின் எழுத்து மொழிபெயர்ப்பைத் தொடங்கினேன். தேர்வில் கிடைக்கும் ‘சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர்’ என்ற பட்டத்துக்கு 1989ஆம் ஆண்டின் மாகாணச் சட்டம் பாதுகாப்பு அளிப்பதால் என் முத்திரைக்கு அலுவலகங்களில் மதிப்பு உண்டு. கூடவே சனிக்கிழமைகளில் ஒரு பாடசாலையில் சம்பளத்துக்குத் தமிழ் கற்பித்தேன்.

2020 மார்ச்சில் எல்லாம் மூடப்பட்டபோது ஒரே ஊற்றை நம்புவதற்கும் பல ஊற்றுகளை வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்கூடாகக் கண்டேன். விசாரணை மண்டபங்களுக்குப் போகும் வேலை நின்றது, ஆனால் எழுத்து வேலை வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது, கற்பித்தல் கணினித் திரைக்கு மாறியது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு மண்டபம், அலங்காரம், ஒளிப்பதிவு மூன்றும் தொழிலாக இருந்தன. மூன்றும் ஒரே வாரத்தில் நின்றன. அந்நேரம் அரசாங்கம் நான்கு வாரத்துக்கு 2,000 டொலர் உதவிப்பணம் கொடுத்தது. அதைப் பெறுவதற்கு 2019இலோ விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்களிலோ குறைந்தது 5,000 டொலர் வருமானம் இருந்திருக்க வேண்டும். எத்தனையோ ஆண்டுகள் இரவு பகலாக உழைத்தும், எல்லாவற்றையும் கையில் காசாக வாங்கி வரிக் கணக்கில் காட்டாமல் விட்டவர்களால் அந்த 5,000 டொலரைக் கூட நிரூபிக்க முடியவில்லை.

இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் “நம்மட ஆட்கள்தானே, பற்றுச்சீட்டு எதற்கு, காசாகத் தந்தால் குறைத்துச் செய்து தருகிறேன்” என்ற பேச்சு உங்களிடமும் விரைவில் வரும். காசாக வாங்கிய உழைப்பு உங்களுடைய உழைப்பு என்று இந்த நாட்டில் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. நாளைக்கு வங்கிக் கடன் கேட்டால் சுயதொழில் செய்பவரிடம் அவர்கள் பொதுவாக இரண்டு ஆண்டுகளின் வரி மதிப்பீட்டு அறிவித்தலைக் கேட்பார்கள். தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் உங்கள் வரவு 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. எனப்படும் விற்பனை வரிக்குப் பதிந்து, ஒன்ராறியோவில் வாடிக்கையாளரிடம் 13 வீதம் அறவிட வேண்டும். அந்த 13 வீதம் ஒருநாளும் உங்களுடைய பணமல்ல என்பதால் அதை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். சம்பளக்காரர் ஓய்வூதியத் திட்டத்துக்கு 5.95 வீதம் கட்ட முதலாளியும் அதே அளவு கட்டுவார். சுயதொழில் செய்பவரோ இரண்டு பங்கையும் தானே சேர்த்து 11.9 வீதம் கட்ட வேண்டும். வரிப் படிவத்தை ஜூன் 15 வரை அனுப்பலாம் என்றாலும் கட்ட வேண்டிய பணத்துக்கு ஏப்ரல் 30தான் கடைசி நாள். இதை அறியாமல் வட்டி கட்டுகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

இன்னொரு மனக்குறையும் எனக்கு உண்டு. நம்மவர்களின் சில உணவகங்களிலும் துப்புரவு ஒப்பந்தங்களிலும், புதிதாக வந்தவரை முழுநேரத் தொழிலாளியாக வைத்துக்கொண்டு, “நீர் சுயதொழில் செய்பவர், விலைப்பட்டியல் எழுதித் தாரும்” என்கிறார்கள். அப்படி எழுதியதும் விடுமுறைச் சம்பளமும் வேலையின்மைக் காப்புறுதியும் உங்கள் கையை விட்டுப் போய்விடும். தொழிலாளியைத் தவறாக இப்படி வகைப்படுத்துவதை ஒன்ராறியோச் சட்டம் 2017இலேயே தடை செய்துவிட்டது. ஆளைச் சேர்த்தால் பணம் வரும் என்று காப்புறுதி விற்கவும் சத்துமாவு விற்கவும் கூப்பிடுகிறவர்களை “பக்க வருமானம்” என்ற கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அவர்கள் தேடுவது உங்களுடைய உறவினர் பட்டியலைத்தான்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது, பனிக்காலத்தில் வரும் ஒன்றையும், தமிழர் அல்லாத வாடிக்கையாளரிடமிருந்து வரும் ஒன்றையும் சேருங்கள் என்பதே. படத்தொகுப்பும் துணைத்தலைப்பு இடும் வேலையும் வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை, நிறுவனங்களின் பயிற்சிக் காணொளிகளுக்கு முகூர்த்த நாள் பார்ப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது சம்பள வேலை ஒன்றை வைத்திருப்பதையும் கேவலமாக நினைக்க வேண்டாம். “சொந்தத் தொழில்” என்று சொல்லிக்கொள்வதற்காகவே நிலையான வேலையை விட்டவர்கள் நம்மிடையே அதிகம், அவர்களுடைய மனைவிமாரின் சம்பளத்தில்தான் அந்தப் பெருமை நடந்தது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

படத்துக்கான பணத்தைச் சீட்டில் போடாதீர்கள். தெரிந்த முகம், நல்ல மனிதர் என்று நம்பிப் போட்ட சீட்டு முறிந்து அழுதவர்கள் எங்கள் கட்டடத்திலேயே இருந்தார்கள். ரி.எஃப்.எஸ்.ஏ. எனப்படும் வரியற்ற சேமிப்புக் கணக்கில் ஆண்டுதோறும் ஒரு வரம்பு வரை போடலாம், 2025இல் அது 7,000 டொலர். வளர்ந்த பணத்துக்கு வரி இல்லை, வேண்டியபோது எடுக்கலாம், எடுத்த அளவு இடம் அடுத்த ஜனவரியில் திரும்பக் கிடைக்கும். சிறுவர்களுக்கான தமிழ்ப் படக்கதைப் புத்தகங்களை அச்சிட வேண்டும் என்ற என் ஆசைக்கு நான் பணம் சேர்த்ததும் அந்தக் கணக்கில்தான். எழுத்து மொழிபெயர்ப்பின் உழைப்பு முழுவதும் புத்தகத்துக்கு, மற்றவை வீட்டுக்கு என்று பிரித்து வைத்தபடியால், ஓவியருக்கும் அச்சகத்துக்கும் கொடுக்க வேண்டியதை யாரிடமும் கடன் கேட்காமல் கொடுத்தேன். கனடா கலை மன்றம் தனிப்பட்ட கலைஞர்களுக்கு நிதி வழங்குகிறது, நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஒன்ராறியோ கலை மன்றமும் உண்டு. நம் சங்கங்களின் மேடையில் பொன்னாடை வாங்கக் காத்திருக்கும் நேரத்தில் அந்த விண்ணப்பத்தை எழுதி முடித்துவிடலாம்.

கடைசியாக, உணவு விநியோகத்துக்குக் கார் ஓட்டுவதை உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தீர்களா? சாதாரணத் தனிப்பட்ட காப்புறுதி, கூலிக்கு விநியோகம் செய்யும்போது நடக்கும் விபத்துக்குப் பொறுப்பேற்க மறுக்கலாம். நாளைக் காலையில் முகவரை அழைத்து, அதற்கான மேலதிகப் பாதுகாப்பை எழுத்தில் வாங்கிக்கொண்ட பின் அந்த வேலைக்குப் போங்கள்.