டீச்சரைக் கேளுங்கள்: ஒரே வகுப்பில் ஆளுக்கொரு பாடமா?

கே: டீச்சர், என் பையன் அரசுப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறான். கணக்கில் அவனை 'அரும்பு' என்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண் 'மலர்'. ஒரே வகுப்பில் எதற்கு ஆளுக்கொரு பாடம்? மக்கு என்று ஒதுக்குகிறார்களோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. மெட்ரிக் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு தாய், வியாசர்பாடி

ப: அவசரப்படாதீர்கள் அம்மா. அரும்பு, மொட்டு, மலர் எல்லாம் 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் நிலைகள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது விட்டுப்போன பாடத்தைப் பிடிக்கத்தான் ஆரம்பித்தார்கள்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. 2003-இலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்துவிட்டது. தண்டையார்பேட்டையில் என் வகுப்புப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் 'ஏணிப்படி' படத்தைப் பார்த்து அவரவர் பாட அட்டையை எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்து ஒரு வாரம் வராத பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட அட்டையிலிருந்தே தொடரும். வகுப்பு அதை விட்டுவிட்டு ஓடியிருக்காது. (அட்டைகளை அடுக்கி வைப்பதற்குள் எங்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடும், அது வேறு கதை.)

சரி, பலன் என்ன? 52-இல் 17 போனால் எவ்வளவு என்று கேட்டால் ஒரு பிள்ளை 45 என்று எழுதும். இன்னொன்று 36 என்று எழுதும். இரண்டுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டால் வேலை முடிந்தது. ஆனால் 36 எழுதியவன் விரல் விட்டு எண்ணும்போது ஒன்று தவறவிட்டிருக்கலாம். 45 எழுதியவனோ ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான். சின்ன எண்ணைப் பெரியதிலிருந்துதான் கழிக்க வேண்டும் என்று அவனாகவே முடிவு கட்டியிருக்கிறான். அவனுக்கு இன்னும் பத்துக் கணக்குக் கொடுத்தால் பத்தையும் அப்படியேதான் போடுவான். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டுக் குச்சியும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்க வைக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். எல்லோருக்கும் ஒரே பக்கத்தை நடத்திக்கொண்டே போகும் வகுப்பில் இதையெல்லாம் பார்க்க யாருக்கு நேரம்? நீங்கள் பார்த்துவைத்திருக்கும் மெட்ரிக் பள்ளியிலும் இதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அரும்பில் வைத்த பிள்ளையை வருஷம் முழுக்க அங்கேயே விட்டுவிட்டால் அது ஒதுக்குவதுதான். அதனால் டீச்சரிடம் 'எப்போது மலருக்கு மாற்றுவீர்கள்' என்று சண்டைக்குப் போகாமல், 'கணக்கில் எந்த இடத்தில் தடுமாறுகிறான், அடுத்து எப்போது பார்ப்பீர்கள்' என்று கேளுங்கள். பதில் குறிப்பாக வந்தால் பிள்ளை நல்ல கையில்தான் இருக்கிறான். 'கவனமே இல்லைங்க' என்று மட்டும் சொன்னால், நோட்டை வாங்கி எதிரிலேயே பிரித்து, ஒரு தப்பைக் காட்டி விளக்கம் கேளுங்கள். அப்புறம், எதிர்வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்டு அவன் காதுபடப் பேசாதீர்கள்.

கே: பேரனுக்கு ஏற்றபடி பாடம் நடத்தும் என்று செல்போன் ஆப் ஒன்றுக்குச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– ஒரு தாத்தா, கொருக்குப்பேட்டை

ப: வாய்ப்பாடு பழக உதவும். கட்டும் முன் இலவசப் பாடத்தைத் திறந்து, ஒரு கழித்தல் கணக்குக்கு, மேலே சொன்ன 45 மாதிரி, வேண்டுமென்றே தப்பாகப் போட்டுப் பாருங்கள். தப்பு எங்கே என்று காட்டினால் யோசிக்கலாம். அதே மாதிரி இன்னொரு கணக்கைத்தான் நீட்டுகிறது என்றால், அந்தப் பணத்துக்குக் கதைப் புத்தகம் வாங்குங்கள்.