எத்தனை பேர், எந்த இனம்? – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சில காலம் சுமத்ராவின் மேடான் நகரில் வாழ்ந்தவர் என்று உங்கள் கட்டுரைகளில் படித்ததால் எழுதுகிறேன். இந்தோனேசியாவின் மக்கள்தொகையில் ஜாவானியர் 45 விழுக்காடு என்று ஒரு வழிகாட்டி நூல் சொல்கிறது, 40 என்று இன்னொன்று சொல்கிறது. எது சரி? 87 விழுக்காட்டினர் முஸ்லிம்கள் என்றால் அவர்கள் ஏறக்குறைய ஒரே மக்கள்தானே? நூற்றுக்கணக்கான இனங்கள் என்று பிரித்துப் பார்ப்பதற்கு என்ன பொருள்? சுமத்ராவின் காரோ மக்களிடம் சோலியா, பாண்டியா என்ற குலப்பெயர்கள் உண்டாமே, அவர்கள் நம் ரத்தம்தானே? நாம் ஏன் உரிமை கொண்டாடுவதில்லை? முடிந்தால் இன விழுக்காடுகளை ஓர் அட்டவணையாகத் தாருங்கள்.

ஒரு வாசகன், தஞ்சாவூர்

தம்பி,

தேர்வுக் கேள்விகளோடு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதற்கு நூலகம் இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் சென்ற வாரம் பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் மேடான் வீட்டின் புகைப்படம் ஒன்று கிடைத்தது. கீழே கடை, மேலே இரண்டு மாடி வீடு, எல்லாச் சன்னலுக்கும் இரும்புக் கம்பி. அன்று முதல் அந்த வீட்டுக்கார அம்மாவின் நினைவாகவே இருக்கிறேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் அட்டவணை கேட்கிறீர்கள்.

87 விழுக்காட்டை முதலில் முடித்துவிடுகிறேன். "ஏறக்குறைய ஒரே மக்கள்தானே" என்று எழுதியிருக்கிறீர்களே, கை கூசவில்லையா? மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் பற்றுறுதியுள்ள முஸ்லிம்கள். அவர்களுடைய பூர்வீக வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகின்றன. அவர்களுக்கு வடக்கே பட்டாக் மக்கள். அங்கே குலப்பெயர் தந்தைவழி. அவர்களிலும் தோபாக்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், மண்டைலிங் மக்கள் முஸ்லிம்கள். ஜாவாவின் முஸ்லிம் கிராமத்தில் விடிய விடிய நடக்கும் பாவைக்கூத்தில் அர்ஜுனன் வருகிறான். ஒரே திசை நோக்கித் தொழுகிறவர்கள் எல்லோரும் அடுப்படியில் ஒரே மொழி பேச வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? மதுரைக்காரரையும் அகமதாபாத்காரரையும் இந்துக்கள் என்ற ஒரே காரணத்தால் ஒரே மக்கள் என்று தேர்வில் எழுதுவீர்களா?

40தான் சரி. 2010 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 23 கோடியே 70 லட்சம் பேரில் 40.2 விழுக்காட்டினர், அதாவது ஒன்பதரைக் கோடிப் பேர், தாங்கள் ஜாவானியர் என்று சொன்னார்கள். சுந்தானியர் 15.5. அதற்குப் பிறகு வரும் மலாய், பட்டாக், மதுரா, பெத்தாவி, மினாங்கபாவ், பூகிஸ் எல்லாம் தனித்தனியே நான்கு விழுக்காட்டுக்குக் கீழே. உங்கள் அட்டவணை கிடைத்துவிட்டது. ஆனால் அதில் "சொன்னார்கள்" என்று ஒரு சொல் இருக்கிறது, பாருங்கள். உங்கள் இன்னொரு நூலில் இருக்கும் 45 யாரும் சொன்னதல்ல. யாரையும் கேட்காத காலத்தில் அறிஞர்கள் உட்கார்ந்த இடத்தில் போட்ட மதிப்பீடு அது.

அந்தக் கேட்காத காலம் மிக நீளமானது. டச்சுக்காரர்கள் 1930இல் எடுத்த கணக்கெடுப்பில் இனம் கேட்டார்கள். அன்று மொத்த மக்கள் ஆறு கோடி. அதில் சீனர் பன்னிரண்டு லட்சத்துக்குச் சற்று அதிகம். நாடு விடுதலை பெற்ற பிறகு 1961, 1971, 1980, 1990 என்று நான்கு கணக்கெடுப்புகள் நடந்தன. வயது, படிப்பு, வேலை எல்லாம் கணக்கில் ஏறின. இனம் மட்டும் ஏறவில்லை. மறுபடி கேட்டது 2000இல். எழுபது ஆண்டுகள்.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. ஜனாதிபதி சுகார்த்தோவின் ஆட்சியில் 'சாரா' என்று ஒரு சுருக்கப் பெயர் உண்டு. இனம், மதம், நிறம், குழு என்ற நான்குக்குமான இந்தோனேசியச் சொற்களின் முதலெழுத்துகள். இந்த நான்கைப் பற்றியும் பொதுவில் பேசக்கூடாது. ஆயிரக்கணக்கான தீவுகள் சிதறிவிடும் என்ற அச்சம் பொய்யல்ல, அதை நான் எள்ளி ஒதுக்க மாட்டேன். ஆனால் வாயை மூடு என்ற கட்டளை எல்லோர் மீதும் ஒரே கனத்தில் விழவில்லை. ஜாவானியருக்குத் தன் பெயரை மாற்றிக்கொள்ளும்படி யாரும் சொல்லவில்லை. சீன வம்சாவளியினருக்குச் சொன்னார்கள். 1967இல் வந்த ஜனாதிபதி ஆணை ஒன்று சீனர்களின் வழிபாட்டையும் பண்டிகைகளையும் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது. சீன எழுத்துள்ள புத்தகத்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர முடியாது. இனத்தைப் பேசாதே என்று சொன்ன அதே அரசாங்கம், உன் இனம் எது என்று அவர்களுக்கு மட்டும் தினமும் நினைவூட்டிக்கொண்டிருந்தது.

ஓர் இனம் என்பது பாறை போல் முன்பே கிடப்பது, கணக்கெடுப்பவர் போய் எண்ணிவிட்டு வருகிறார் என்று நினைக்கிறீர்கள். ஜகார்த்தாவின் பெத்தாவி மக்களைப் பாருங்கள். டச்சுக் காலத்தில் பத்தாவியா என்றிருந்த அந்த நகருக்குக் கொண்டுவரப்பட்ட பாலி அடிமைகள், பூகிஸ், மலாய், ஜாவானியர், சீனர், அரபியர் என்று பல வழியில் வந்தவர்கள் கலந்து உருவானவர்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்தின் பட்டியலில் அந்தப் பெயரே கிடையாது. 1930இல் அவர்கள் தனி இனம். 2010இல் மக்கள் சொன்ன விடைகளைப் பதிவுசெய்ய 1,331 குறியீடுகள் தேவைப்பட்டன. பிறகு புள்ளியியல் அறிஞர்கள் உட்கார்ந்து, ஒன்றையே வேறு வேறு பெயரில் சொன்னதையும் பெரிய இனத்தின் கிளைகளையும் சேர்த்து, 633 ஆக்கினார்கள். இந்த இரண்டு எண்களில் எது சரி என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள்.

காரோ மக்கள் விஷயம். செம்பிரிங் என்ற குலத்தின் கிளைகளில் அந்தப் பெயர்கள் இருப்பது உண்மை. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பதும் உண்மை. நம்மவர்கள் கற்பூரம் தேடிப் போன கரை அது. தெரிந்துகொள்ளுங்கள், மகிழுங்கள். ஆனால் "உரிமை கொண்டாடுவது" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பாண்டியா என்ற குலப்பெயருள்ள மாணவி ஒருத்தியை எனக்குத் தெரியும். கேட்டால் அவள் காரோ என்பாள். அதற்கு மேல் அவளிடம் பிடுங்குவதற்கு நமக்கு ஒன்றும் இல்லை.

அந்த மாணவியை நான் பார்த்தது எங்கள் வாசலில்.

1999இல் என் கணவருக்கு மேடானுக்கு வெளியே ஒரு பாமாயில் ஆலையில் வேலை கிடைத்துப் போனோம். குடியிருந்தது காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் ஒரு கடையின் மேல்மாடியில். வீட்டுக்காரம்மா சீன வம்சாவளி, கணவரை இழந்தவர். அங்கே சீனப் பெண்களை 'அச்சி' என்று அழைப்பார்கள். ஹொக்கியன் மொழியில் அக்கா என்று பொருள். நான் காரைக்குடிப் பக்கத்துக்காரி. எனக்கு அது எங்கள் ஆச்சியாகவே காதில் விழுந்தது. கடைசிவரை ஆச்சி என்றே கூப்பிட்டேன்.

போன புதிதில் ஒரு தவறு செய்தேன். "ஆச்சி, உங்களுக்குச் சீனாவில் எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் வறுவல் சட்டியிலிருந்து தலையை எடுக்காமல், "பின்ஜாய்" என்றார். மேடானிலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிற ஊர். அவருடைய தாத்தா பிறந்ததும் அங்கேதான். என் கேள்விக்குள் என்ன இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சந்தையில் என்னைப் பார்த்துச் சிலர் 'கெலிங்' என்பார்கள். தமிழர்களை இழிவாகச் சொல்லும் சொல்லாகிவிட்டது அது. கேட்ட நாளெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆச்சி ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. "இந்தியாக்காரப் பெண்" என்பார். 'சீனா' என்ற சொல்லை அந்த ஊரில் சிலர் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அரசாங்கம் அதைக் கைவிட்டு 'தியோங்ஹோவா' என்று மாற்றியதே 2014இல்தான்.

கடையின் இரும்புக் கதவில் புதிய வண்ணத்துக்கு அடியில் பழைய எழுத்து மங்கலாகத் தெரியும். மிலிக் பிரிபுமி. மண்ணின் மைந்தருடைய சொத்து என்று பொருள். 1998 மே மாதத்தின் முதல் வாரத்தில் மேடானில் சீனர் கடைகளை உடைத்துச் சூறையாடினார்கள். அடுத்த வாரம் ஜகார்த்தாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சீனப் பெண்களுக்கு நேர்ந்த கொடுமைகளை நான் இங்கே எழுத மாட்டேன். அந்த நாட்களில் கடையைக் காப்பாற்றிக்கொள்ள, வேலைக்கிருந்த ஜாவானியப் பையனை விட்டு ஆச்சி கதவில் எழுத வைத்தது அது. என் புகைப்படத்தில் உற்றுப் பார்த்தால் அந்த எழுத்து இப்போதும் தெரிகிறது.

2000 ஜனவரியில் ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹித் 1967இன் ஆணையை நீக்கினார். அவர் நாட்டின் மிகப் பெரிய முஸ்லிம் அமைப்பான நஹ்தத்துல் உலமாவின் தலைவராக இருந்தவர். ஏறக்குறைய ஒரே மக்கள் என்று எழுதினீர்களே, அந்த 87 விழுக்காட்டில் ஒருவர். அடுத்த மாதம் சீனப் புத்தாண்டுக்கு எங்கள் தெருவில் சிங்க நடனம் வந்தது. ஆச்சி கீழே இறங்கவில்லை. மேல்மாடியில் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

அந்த ஆண்டின் நடுவில் கணக்கெடுப்பு வந்தது. எங்கள் தெருவுக்கு அனுப்பியிருந்தது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை. காரோ, பாண்டியா. அவள் வாசலில் வந்து உட்கார்ந்ததும், அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே ஆச்சி உள்ளே போய் ஒரு கோங் குவான் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே குடியுரிமைச் சான்று. சீன வம்சாவளியினர் மட்டும் தாங்கள் இந்நாட்டவர் என்று மெய்ப்பிக்கக் காட்ட வேண்டியிருந்த தாள் அது. 1996லேயே அதைக் கேட்கக்கூடாது என்று ஆணை வந்துவிட்டது. வந்த பிறகும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, கடவுச்சீட்டு வாங்க என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "இது வேண்டாம், ஈபு" என்றாள் அந்தப் பெண். ஈபு என்றால் அம்மா. ஆச்சி தாளை மடித்தார், ஆனால் டின்னை மூடவில்லை.

பெயர். அரசாங்கத்துக்கென்று வைத்துக்கொண்ட இந்தோனேசியப் பெயரைச் சொன்னார். வயது சொன்னார். மதம், புத்தம் என்றார். பிறகு அந்தப் பெண், "சுகு பங்சா?" என்றாள். எந்த இனம் என்று கேட்கிறாள்; சுருக்கமாகச் சுகு என்பார்கள். பங்சா என்பது நம் வம்சம் என்ற சொல்தான், கடல் கடந்து போய்க் கொஞ்சம் தேய்ந்தது.

ஆச்சி பேசவில்லை. அரவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னார். பிறகு, "இந்தோனேசியா என்று எழுதிக்கொள்" என்றார்.

"அது நாடு, ஈபு. இது சுகு."

"சொல்லாவிட்டால் என்ன எழுதுவாய்?"

அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. பேனாவை மூடிக் கீழே வைத்தாள். "நீங்கள் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நானாக எதையும் எழுதமாட்டேன்" என்றாள். ஆச்சி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல முடியும்? அந்த முகத்தையும் கண்ணையும் பார்த்தால் தெருவில் போகிற குழந்தைகூடச் சொல்லிவிடும். தெரிந்ததை ஒருவர் பார்த்துக்கொள்வது வேறு. அதைத் தன் வாயால் சொல்லி, அரசாங்கத்தின் தாளில் தன் முகவரிக்குப் பக்கத்தில் ஏற்றுவது வேறு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கதவில் பொய் எழுதித் தப்பித்தவரிடம், இப்போது உண்மையை எழுதிக் கொடு, ஒன்றும் ஆகாது என்று எந்தத் தைரியத்தில் சொல்வது?

"பின்ஜாய்" என்றார் ஆச்சி கடைசியில். அந்தப் பெண் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். ஏதோ எழுதினாள். நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை. ஆச்சி அவளுக்குக் காப்பி கொடுத்து, கால் கிலோ தூளும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவள் தூளை வாங்கவில்லை, வாங்கக்கூடாது என்றாள்.

உங்கள் நூல்களில் சீனர் எத்தனை என்று பாருங்கள், தம்பி. நாங்கள் அங்கே இருந்தபோது மூன்று விழுக்காடு என்று எல்லோரும் சொல்வார்கள். 2010 கணக்கெடுப்பில் வந்தது 1.2, ஏறத்தாழ இருபத்தெட்டு லட்சம். பழைய மதிப்பீடு பெரிதாக இருந்திருக்கலாம், கலப்பு மணம் இருக்கிறது, 1998க்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அறிஞர்கள் இதையெல்லாம் சொல்வார்கள், சரிதான். ஆனால் வாயில் வந்த சொல்லை விழுங்கிவிட்டுப் பிறந்த ஊரைச் சொன்ன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை எங்கே பார்த்தாலும் அரவை இயந்திரம் நின்ற அந்த அமைதிதான் எனக்குக் கேட்கிறது. நீங்கள் அதைக் கட்டம் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்குக் கோபம் இல்லை. தேர்வு அப்படித்தான் கேட்கும். ஒரே மக்கள்தானே என்று சுருக்கியதில்தான் கோபம்.

ஆச்சி 2007இல் இறந்துவிட்டார். அதற்குள் சீனப் புத்தாண்டு தேசிய விடுமுறையாகிவிட்டது. 2003இல் கடை வாசலில் சிவப்பு விளக்கு கட்டியதாக எனக்குத் தொலைபேசியில் சொன்னார். 2010 கணக்கெடுப்பு நடந்த மாதம் நானே அவருடைய மகனைக் கூப்பிட்டேன். வந்தார்களா என்று கேட்டேன். வந்தார்கள், சுகு கேட்டார்கள், தியோங்ஹோவா என்று சொன்னேன், எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றான். எந்தத் தாளும் கேட்கவில்லையா என்றேன். இல்லை என்றான். அந்த பிஸ்கட் டின்னில் இப்போது காப்பிக்கடைச் சில்லறை இருக்கிறதாம்.

உங்கள் அட்டவணையின் 1.2இல் அவனும் இருக்கிறான்.