தாள் ஒரு ரயிலில், சீஸ் ஒரு ரயிலில்: காய்கறி லசான்யாவை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: ஜெர்மனியில் பெர்லின், ஹம்பர்க், ஆஹன், கொலோன் என்று நான்கு ஊர்களில் இருக்கும் நான்கு தோழிகள் நாங்கள். அவ்வப்போது சனிக்கிழமை கொலோனில் என் வீட்டில் கூடிச் சமைப்போம். எல்லோரும் சைவம்; ஒருத்தி முட்டையும் தொடமாட்டாள். போன முறை காய்கறி லசான்யா (பாஸ்தா தாள்களையும் சாஸையும் காயையும் அடுக்கிச் சுடும் இத்தாலிய உணவு) செய்யலாம் என்று பொருள்களைப் பங்கு போட்டுக்கொண்டோம். லசான்யா தாள் கொண்டுவந்தவள், ஹாம் நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரிவதைக் கவனிக்காமல் டுஸ்ஸல்டார்ஃப் போய்ச் சேர்ந்துவிட்டாள். சீஸ் வைத்திருந்தவளின் ரயில் ஒன்றரை மணிநேரம் தாமதம். இரவு 9 மணிக்கு மேல் அவன் (oven) அடுப்பில் வைத்து 11.30க்குச் சாப்பிட்டோம். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது, நடுவில் தாள் வேகவே இல்லை. அடுத்த முறை எப்படிச் செய்யலாம்?

பதில்: ரயிலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தத் தட்டைப் பார்ப்போம். அடியில் தண்ணீர், நடுவில் வேகாத தாள் என்றால் கேட்பதற்கு எதிரெதிர் குறைகளாகத் தெரியும். ஆனால் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும். நீங்கள் பயன்படுத்தியது முன்கூட்டி வேகவைக்கத் தேவையில்லாத உலர்ந்த தாள் என்று எடுத்துக்கொள்கிறேன். அது வேகத் தேவையான தண்ணீர் சாஸிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் தொடக்கத்திலேயே. நீங்கள் சாஸைக் கெட்டியாக வைத்து, காயைப் பச்சையாக அடுக்கியிருப்பீர்கள். காய் சூடேறி நீர்விடுவதற்குள் பாதி நேரம் போய்விடும். அப்படி விட்ட நீரும் தாளில் ஊறாமல் நேராக அடிக்கு இறங்கிவிடும்.

ஆக, காய் உலர்ந்திருக்க வேண்டும், சாஸ் ஓட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சுக்கினி என்ற சீமைச் சுரைக்காயின் எடையில் 95 சதவீதத்துக்கு அருகில் தண்ணீர்தான். கத்தரிக்காய், காளான், பசலைக்கீரை எல்லாம் 90ஐத் தாண்டும். நான்கு பேருக்கு ஒரு கிலோவிலிருந்து 1.2 கிலோ வரை காய் வேண்டும். கத்தரிக்காயையும் சுக்கினியையும் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லையாக நறுக்கி, உப்பு தூவி அரை மணிநேரம் வடிகட்டியில் போடுங்கள். மேலே முத்து முத்தாக நீர் அரும்பி நிற்கும். அதைத் துணியால் ஒற்றி எடுத்து, எண்ணெய் தடவி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பேக்கிங் தட்டில் பரப்பி, 220 டிகிரியில் 25 நிமிடம் சுடுங்கள். ஓரம் பழுப்பேறி வில்லை சற்றுச் சுருங்கினால் போதும். நெருக்கி அடுக்கினால் சுடாது, ஆவியில் அவியும். ஒரு தட்டு போதாவிட்டால் இரண்டு முறை வையுங்கள். காளானை அகலமான வாணலியில் நீர் வற்றும்வரை வதக்குங்கள். உறைந்த கீரை என்றால் உருகவிட்டு, இரு கையாலும் இறுக்கிப் பிழியுங்கள். பிழிந்தது போதும் என்று தோன்றிய பிறகு இன்னொரு தடவை பிழியுங்கள்.

இனி சாஸ். 700 கிராம் தக்காளிக் கூழுக்கு ஒரு வெங்காயம், நான்கு பல் பூண்டு, ஒரு டம்ளர் தண்ணீர். கால் மணிநேரம் கொதிக்கட்டும். வெள்ளை சாஸுக்கு 50 கிராம் வெண்ணெய், 50 கிராம் மைதா, 750 மில்லி பால். மைதாவை வெண்ணெயில் நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் வறுத்து, பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். சூடாக இருக்கும்போது மோர்க்குழம்புப் பதத்தில் இருந்தால் சரி. ஆறினால் கெட்டிப்படும், அடுக்கும் முன் சூடுபடுத்திக் கொஞ்சம் பால் விட்டு இளக்கிக்கொள்ளுங்கள். ஜாதிக்காயைத் துருவிப் போடுவது இத்தாலிய வழக்கமே. மிளகாய்த்தூள் தாராளமாகப் போடலாம். கரம் மசாலா மட்டும் வேண்டாம். அதைப் போட்டால் பால் சாஸின் மணம் காணாமல் போய், தக்காளிக் குருமாவில் மைதாத் தாள் மிதப்பது போல ஆகிவிடும்.

30க்கு 20 சென்டிமீட்டர் பாத்திரத்துக்குப் பன்னிரண்டு தாள் போதும். முதலில் சாஸ், அதன்மேல் தாள், காய், தக்காளி, வெள்ளை சாஸ் என்று மாறி மாறி வரட்டும். கடைசித் தாளுக்கு மேல் வெள்ளை சாஸ் விளிம்புவரை பரவ வேண்டும். சாஸ் படாத தாள் மூலை அப்பளமாகத்தான் வெளியே வரும். அலுமினியத் தாளால் மூடுங்கள், ஆனால் அது தக்காளி சாஸில் படக் கூடாது. புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். அரை மணிநேரம் மூடியும், கடைசி கால் மணிநேரம் திறந்தும் வையுங்கள். எடுத்த பிறகு கால் மணிநேரம் தொடாமல் விட்டால்தான் துண்டு போட முடியும்.

அவன் அடுப்பின் குமிழில் உள்ள குறிகளையும் கவனியுங்கள். மேலும் கீழும் இரண்டு கோடு இருந்தால் ஓபர்-உன்டர்ஹிட்ஸ, அதாவது காற்று சுழலாத சூடு. அதில் 180 டிகிரி. விசிறிக் குறி ஊம்லுஃப்ட். அதில் 160 போதும். ஊம்லுஃப்டிலும் 180 வைத்தால் மேலே கருகும், நடுவில் வேகாது. உங்கள் தாள் வேகாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முட்டை தொடாத தோழிக்குக் கடையின் குளிர்ப்பெட்டியில் இருக்கும் ஃப்ரெஷ் தாள் ஆகாது. அநேகமாக எல்லாவற்றிலும் முட்டை இருக்கும். உலர் தாளில் பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். ஆனாலும் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி முட்டை போன்ற ஒவ்வாமைப் பொருள்களைத் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். ஜெர்மனில் ‘ஐ’ (Ei, முட்டை) என்று பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, சீஸ். பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைக் கொண்டுதான் உறையவைக்க வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. கிரானா படானோவும் விலங்கு ரென்னெட்தான். ஜெர்மனியில் ‘பார்மேசன்’ என்று விற்பதும் பார்மிஜானோவேதான். அந்தப் பெயர் சம்பந்தமாக ஜெர்மனி மீதே ஒரு வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. அது பொதுப்பெயர்தான் என்ற ஜெர்மனியின் வாதத்தை 2008இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே சைவச் சீஸ் வேறு பெயரில்தான் கிடைக்கும். உறையில் ‘மிக்ரோபியெல்லஸ் லாப்’ (mikrobielles Lab), அதாவது நுண்ணுயிர் ரென்னெட் என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் ‘லாப்’ என்றிருந்தால் விலங்கிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். மொட்சரெல்லாவுக்கும் இதே சோதனைதான். உங்களில் யாருக்கு இது முக்கியம் என்று முன்பே கேட்டுவிடுங்கள், சாப்பாட்டு மேஜையில் வேண்டாம்.

சரி, ரயில். பங்கு போட்டதில் தவறில்லை, எதைப் பங்கு போட்டீர்கள் என்பதுதான் பிரச்சினை. தாள், பால், தக்காளி, சீஸ், காய் எல்லாம் கொலோனிலேயே கிடைக்கும், வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிறு வரை தள்ளினால் கடை மூடியிருக்கும். ஞாயிறு ஓய்வு 1919ஆம் ஆண்டு அரசியலமைப்பிலிருந்து இன்றைய அரசியலமைப்புக்கு அப்படியே வந்த பிரிவு, இப்போதைக்கு மாறாது. அவசரத்துக்குப் பெரிய ரயில் நிலையக் கடைகள் உண்டு, விலைதான் கூடுதல். வருகிறவர்கள் இனிப்பு, ஆலிவ், சாலட், ரொட்டி என்று வராவிட்டாலும் சாப்பாடு நிற்காத பொருள்களைக் கொண்டுவரட்டும். மொட்சரெல்லாவை நாலைந்து மணிநேரம் பையில் வைத்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

அடுத்தது, சனி இரவே சாப்பிட வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள். அடுக்கிய லசான்யா ஓர் இரவு ஃப்ரிட்ஜில் நன்றாகவே இருக்கும். தாள் ஊறி, வேகுவதும் எளிதாகும். ஊறுவதற்கென்று சாஸை மட்டும் இன்னும் கொஞ்சம் இளக்கமாக வையுங்கள். இரண்டு சாஸையும் சனி மதியமே நீங்கள் செய்துவிடலாம், கிளறுவதற்கு நான்கு பேர் வேண்டாம். வெள்ளை சாஸின் மேல் ஏடு கட்டாமலிருக்க, பிளாஸ்டிக் தாளைச் சாஸைத் தொடும்படி ஒட்டி மூடுங்கள். காய் நறுக்குவதும் அடுக்குவதும்தான் பேசிக்கொண்டே செய்கிற வேலை. ஆஹன்காரி ஒரு மணிநேரத்தில் வந்துவிடுவாள், அவளோடு தொடங்கிவிடுங்கள். மற்றவர்கள் எந்தக் கட்டத்தில் வந்தாலும் ஒரு கரண்டி கையில் கொடுக்கலாம். சனி இரவுக்கு அந்தத் தக்காளி சாஸிலேயே கொஞ்சம் கூடுதலாகச் செய்து ஸ்பகெட்டி போட்டால் போதும். ஞாயிறு காலை பாத்திரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, சூடேறாத அவனில் வைத்த பிறகு ஏற்றுங்கள். சில்லென்ற கண்ணாடியோ பீங்கானோ திடீர்ச் சூட்டில் விரிசல்விடலாம். நேரமும் கால் மணி கூடுதலாகும்.

பெர்லின் தோழிக்கு: அந்த ரயிலின் ஒரு பாதி ஹாகன், வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்கும், மறு பாதி டார்ட்முண்ட், எஸ்ஸன் வழியாக டுஸ்ஸல்டார்ஃபுக்கும் போகும். இருக்கை முன்பதிவு செய்தால் பெட்டி எண் கிடைக்கும், குழப்பமில்லை. இல்லாவிட்டால் பெட்டியின் வெளிப் பலகையில் சேருமிடத்தைப் படித்துவிட்டு ஏற வேண்டும். மாறிப் போனாலும் டுஸ்ஸல்டார்ஃபிலிருந்து அரை மணிநேரச் சொச்சம்தான். ஹம்பர்க் தோழிக்கு: சேருமிடத்துக்கு 20 நிமிடமோ கூடுதலாகவோ தாமதமாகும் என்று தெரிந்தாலே, குறிப்பிட்ட ரயிலுக்கான மலிவு டிக்கெட்டிலும் வேறு ரயிலில் ஏறலாம். 60 நிமிடம் தாண்டினால் கட்டணத்தில் 25 சதவீதமும் 120 தாண்டினால் 50 சதவீதமும் பொதுவாகத் திரும்பக் கேட்கலாம். ரயிலை மாற்றும் முன் செயலியில் தெரியும் தாமதத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளட்டும்.

தாளே இல்லாமல் போனால் பென்னே பாஸ்தாவை முக்கால் வேக்காடு வேகவைத்து இதே சாஸில் புரட்டி அவனில் வையுங்கள். சப்பாத்தியை அடுக்குகிறவர்களும் உண்டு. அது கூழாகிவிடும், நான் சொல்லமாட்டேன்.

ஞாயிறு மாலை ஊர் திரும்புகிறவர்களுக்குக் கட்டிக் கொடுப்பதானால், சூடாக டப்பாவில் அடைக்காதீர்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, இறுகியபின் துண்டு போடுங்கள். ஐஸ் பேக் வைத்த பையில் போகட்டும். வீட்டில் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, நடுவரை ஆவி பறக்கச் சூடாக்கினால் போதும்.